ஓய்வுக்குத் தகுதியுள்ளவர்

"இதில சந்தோஷம் காணாது அங்கிள்."

"எவ்வளவு காணாது பிள்ளை?"

"எவ்வளவு எண்டில்லை. ஆக்சுவலி ஒண்டுமே இல்லை. செல்லடியில தொடங்குறீங்கள். பிறகு வள்ளம். பிறகு காய்ச்சல். ஏரிக்கரையில ரெண்டு கிழமை நிக்கிறதுக்கு ஏன் இதெல்லாம் சொல்லுறீங்கள்?"

கேட்டவள் பிரதீபா. கனடாவில், பூங்காத் தங்கலிட ஒதுக்கீட்டு வாரியத்தின் ஸ்காபரோ அலுவலகத்தில் அவள் இளநிலை ஓய்வுச் சான்றாளர். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் சீமோன். போர்க்காலத்தில் மன்னாரில் தனக்கு நடந்த மிக மோசமான காரியங்களைத் தேதி பிசகாமல், அழ வேண்டிய இடத்தில் அழுது, அவர் சற்று முன்னர்தான் சொல்லி முடித்திருந்தார். நன்றாகவே சொன்னதாக அவருக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முத்திரை குத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

வாரியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. முன்பெல்லாம் ஆர்.வி. வைத்திருப்பவர்கள், அதாவது கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பூட்டிய அந்தப் பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்கள், தங்களுக்குப் பிடித்த காம்ப்கிறவுண்டைத் தாங்களே தேடி, இடம் பிடித்து, போய் நின்றுவிட்டு வந்தார்கள். இது ஒழுங்கற்ற முறை என்று கண்டறியப்பட்டது. எல்லோரும் ஒரே ஏரியை விரும்பினார்கள். சிலர் மழைக்குப் பயந்து பாதியில் திரும்பினார்கள். சிலர் ஏரியை ஒருமுறைகூடப் பார்க்காமல் உள்ளே இருந்து சீட்டு விளையாடினார்கள். ஆகவே வாரியம் உண்டானது. அதன்பின் ஆட்கள் இடத்தைத் தெரிவு செய்வதில்லை. இடங்களே தங்களுக்கு ஏற்ற ஆட்களைத் தெரிவு செய்தன. இடங்களுக்கு வாய் இல்லாதபடியால் அவற்றுக்காக வாரியம் பேசியது. வரவேற்பறைச் சுவர் முழுவதும் ஒரு ஏரியின் படம் இருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், காத்திருப்பவர்கள் எல்லோரும் கதிரைகளை அந்தப் படத்தின் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

சீமோனுக்கு ஏரி ஒரு பொருட்டல்ல. பல வருடம் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற்றை வீட்டுக்காரர் மகனின் கலியாணத்துக்காகத் திருப்பி எடுத்துக்கொண்டார். வேறு இடங்களின் வாடகையை அவர் மனைவி கரோலின் விசாரித்து வந்தாள், ஒன்றும் கட்டுப்படியாகவில்லை. மறுநாள், சில்லுப் பூட்டிய வீட்டுக்கு வாடகை இல்லைத்தானே என்று கேட்டாள். இருந்ததையெல்லாம் கொடுத்து அஜக்ஸ் நகரில் ஒரு பழைய ஆர்.வி.யை வாங்கினார்கள். வாடகை இல்லை என்பது உண்மைதான். நிறுத்த இடம் இல்லை என்பதும் உண்மையாக இருந்தது. கடைசியில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், மீன்கடைக் குப்பைத் தொட்டிக்கும் சேலைக்கடைப் பின்கதவுக்கும் நடுவில் வண்டி நின்றது. பிளாசா மனேஜர் நல்ல மனிதர். வருகிற கிழமை வெள்ளிக்கிழமை இழுவை வண்டி வரும் என்பதை மிகுந்த கவலையோடு சொன்னார். வண்டியை இழுத்தால் கட்டிலும் அடுப்பும் மாதா சுரூபமும் மகள் அன்ரனெற்றின் பள்ளிச் சீருடையும் சேர்ந்து இழுபடும். ஒரு காம்ப்கிறவுண்ட் கிடைத்தால் இரண்டு கிழமை நிற்கலாம். பிறகு இன்னொன்று. பனி வரும்வரை அப்படியே ஓட்டலாம் என்பது கரோலினின் கணக்கு. பனி வந்த பிறகு என்ன என்பதைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை.

வாரியத்திலிருந்து இன்ரவியூ என்று கடிதம் வந்ததும் சீமோன் நேரே இரத்தினவேல் அண்ணையிடம் போனார். ஸ்காபரோவில் பாதிப்பேரின் அகதிக் கேஸை எழுதியவர் அவர். சீமோனுடையதையும் அவர்தான் எழுதினார். கேஸ்கள் வருவது நின்றுபோய்ப் பல வருடங்களாகிவிட்டன. அவர் மருமகளின் வீட்டில் பெரும்பாலும் நித்திரையில் இருந்தார். இன்ரவியூ என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பிச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். சீமோன் பிளாசாவையும் இழுவை வண்டியையும் பற்றிச் சொல்லத் தொடங்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இப்பத்தைக் கஷ்டத்தை வாய் திறக்காத தம்பி. அதுக்கு ஆதாரம் இல்லை. பழைய கஷ்டம் இந்த அரசாங்கமே ஒருக்கா ஏற்றுக்கொண்ட கஷ்டம். அதைச் சொல்லு. அவையால மறுக்கேலாது."

இந்த நாட்டில் ஒரு மேசைக்கு முன்னால் எப்போதாவது இருத்தப்பட்ட எங்கள் ஆட்கள் யாருக்கும் இந்தப் புத்தியில் பிழை தெரியாது. மேசை துன்பம் கேட்கும். கொடுத்தால் முத்திரை தரும். சந்தோஷம் கேட்கும் மேசை ஒன்று உண்டு என்பதைச் சீமோன் அன்றைக்குத்தான் அறிந்தார்.

பிரதீபா கல்நெஞ்சக்காரி அல்ல. தன் அம்மாவும் பல்லுக் கொதிக்குது என்று டொக்டரிடம் போனால் வன்னிச் சண்டையில் இருந்துதான் தொடங்குவார் என்று அவள் சொன்னாள். பிறகு சட்டத்தை விளக்கினாள். துயரத்தோடு வருபவர் இடத்தின் மனநிலையைக் கெடுக்கக்கூடும். குடும்பம் ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதை உறுதிசெய்தால்தான் அவர்களை மகிழ்ச்சியாக இருக்க அனுமதிக்க முடியும். ஆகவே படங்கள் வேண்டும். குடும்பமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள்.

அன்று பின்னேரம் சீமோனும் கரோலினும் கைபேசிகளை மடியில் வைத்துக்கொண்டு தேடினார்கள். அன்ரனெற்றின் முதல்நன்மைப் பூசை. ஞானப்பெற்றோரோடு ஐந்து பேர் வரிசையாக, சுடப்படப் போகிறவர்களைப் போல நின்றார்கள். அவர்களுடைய கலியாணம். கரோலினின் தம்பியின் கலியாணம். புது வேலைக்குப் போன நாள். எவரும் சிரிக்கவில்லை. படம் எடுக்கும்போது பல்லைக் காட்டினால் அது கண்ணியமான குடும்பம் இல்லை என்று சீமோனின் தகப்பன் நம்பினார், அவருடைய தகப்பனும் நம்பினார், அந்த நம்பிக்கை கடல் தாண்டிப் பழுதில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் பிரதீபா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் நின்றாள்.

"சொறி அங்கிள். இது ஆற்ற ஃபியூனரல்?"

"அது எங்கட கலியாணம் பிள்ளை."

அடுத்த படத்தில் அவள் முகம் தெளிந்தது. ஒரு முற்றத்தில் இருபது பேர் நின்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரின் தோளில் சாய்ந்திருந்தார். பிரான்சில் இருந்து வந்த மச்சான் ஏதோ சொல்ல, சீமோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுதான் செத்தவீடு. பெரியப்பாவுடையது. அவ்வளவு சனமும் ஒன்றாகக் கண்டு பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. பிரதீபா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு 'உறவினருடன் வெளிப்புற ஒன்றுகூடல், மகிழ்ச்சி இயல்பானது' என்று பதிந்தாள். படங்களின் கட்டம் அப்படித்தான் தாண்டப்பட்டது.

அதன்பின், எந்தக் காம்ப்கிறவுண்ட் விருப்பம் என்று அவள் கேட்டாள். சீமோன் மனம் நிறைந்து சொன்னார்.

"எதெண்டாலும் பரவாயில்லை பிள்ளை."

அவளுடைய விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. வாரியத்தின் கோட்பாடுகளில் மிக முக்கியமானது இதுதான் என்பதை அவள் மெதுவாக விளக்கினாள். எதென்றாலும் பரவாயில்லை என்பவர் ஓய்வு தேடுகிறவர் அல்லர், இடம் தேடுகிறவர். உண்மையான பயணிக்குத் தெரிவு இருக்கும். தெரிவு இருப்பவருக்கு வெறுப்பும் இருக்கும். ஆகவே மூன்று காம்ப்கிறவுண்டுகளை அவர்களுக்குக் காட்டுவார்கள். மூன்றையும் குடும்பமாகப் பார்த்து, ரசனையின் அடிப்படையில் மூன்றையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் தகுதியிழப்பர்.

இரத்தினவேல் அண்ணை இந்த முறை நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் இப்படியொரு கேஸ் வந்ததில்லை என்றார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பொம்பிளை பாக்கப் போற மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரிப் போ. பலகாரத்தைச் சாப்பிடு. சுத்திப் பார். எல்லாம் நல்லாயிருந்தாலும் முகத்தைக் காட்டிக் குடுக்காத. நிறம் கொஞ்சம் மட்டு, பல்லுக் கொஞ்சம் மிதப்பு, அப்பிடி ஏதாவது சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டுவிட்டுப் போனார்கள். சான்றாளர் கூடவே வர வேண்டும் என்பது விதி. பிரதீபா வண்டிக்குள், மடித்துச் சுவரோடு கட்டிய கட்டிலுக்குப் பக்கத்தில், உலரப் போட்டிருந்த பள்ளிச் சீருடையின் கீழ் இருந்து வந்தாள். மாதா சுரூபம் ஆடாமல் இருக்கத் தட்டில் ஆணியடித்திருந்ததை அவள் இரண்டு தரம் பார்த்தாள்.

முதலாவது இடத்தில் தேவதாருக்கள் நின்றன. வரிசை வரிசையாக வண்டி நிறுத்தும் தளங்கள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி. எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. இவ்வளவு இடமும் ஏன் காலி என்று சீமோன் கேட்டார். பொருத்தமான ஆட்கள் இன்னும் கிடைக்கவில்லை என்றாள் பிரதீபா. கரோலின் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். திரும்பவும் திறந்தாள். பிளாசாவில் மீன்கடைக்காரரிடம் வாளியோடு நின்று தண்ணீர் வாங்குகிறவள் அவள். அன்ரனெற் அதற்குள் மரங்களுக்கிடையில் ஓடி மறைந்திருந்தாள்.

எல்லோரும் சீமோனின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"மரம் கூடிப்போச்சு," என்றார்.

இரண்டாவது இடம் ஏரியை ஒட்டி இருந்தது. அங்கே ஏரி கிட்ட இருக்கிறது என்று குறை சொன்னார். கிட்ட என்றால் என்ன பிரச்சினை என்று பிரதீபா கேட்டாள். பதிவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தண்ணீர் அசைகிறது, அதைப் பார்க்க யோசனை வருகிறது என்றார். அது உண்மை என்பதால் கண் கொஞ்சம் கலங்கியது. பிரதீபா அதை நுண்ணுணர்வு என்று பதிந்து கூடுதல் புள்ளி கொடுத்தாள். ஆனால் அன்ரனெற், தனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, இங்கேயே நிற்போம் என்று தகப்பனின் கையைப் பிடித்து இழுத்தாள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கேஸ் தெரியாது. குடும்பத்தில் கருத்து வேறுபாடு இருந்தால் முழுவதும் செல்லாது என்று பிரதீபா தாழ்ந்த குரலில் எச்சரித்தாள். கரோலின் மகளை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் கதைத்தாள். திரும்பி வந்தபோது பிள்ளையின் முகம் வேறு யாரோ ஒரு பெரிய மனுஷியின் முகம்போல இருந்தது.

"ஐ மீன், வியூ ஓகே," என்றாள் அன்ரனெற். "பட் அணில்கள் டென்ஷனா இருக்கு."

மூன்றாவது இடத்தில் சுடுதண்ணீரில் குளிக்கும் அறையும், உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் வைத்த ஒரு சிறிய கட்டடமும் இருந்தன. கரோலின் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. சீமோன் தேடிப் போனபோது அவள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ட்றையர் மீது கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு உடுப்பும் இல்லை. வாரியம் இயந்திரங்கள் பழுதாகாமல் இருக்க அவ்வப்போது அவற்றை வெறுமையாக ஓட விடுவதுண்டு.

"இதை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சொல்லாட்டித் தரமாட்டினம்."

அவள் கன்னத்தை ட்றையரிலிருந்து எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, தலைமயிரை ஒதுக்கினாள்.

"அப்ப நான் சொல்லுறன். நீங்கள் சொன்னா அழுதுபோடுவீங்கள்."

வெளியே வந்து, பிரதீபாவுக்கு முன்னால், இந்தச் சூட்டு மணம் தனக்குத் தலையிடி தருகிறது என்றாள். உடுப்புத் தோய்க்கிற வசதி எல்லாம் வீட்டில் போதுமான அளவு இருக்கிறது, அதை விட்டு ஓடி வருகிற இடத்திலும் இதுதானா என்று கேட்டாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. பிரதீபா அதை எழுதிக்கொண்டபோது அவளைப் பார்க்காமலே எழுதினாள். வண்டி திரும்பி ஓடியது. அன்ரனெற், அடுத்ததாகத் தருவது இதைவிட நல்ல இடமாக இருக்குமா என்று கேட்டாள். பிறகு அவள் சீருடைக்குக் கீழே படுத்துவிட்டாள்.

இறுதி விசாரணை வியாழக்கிழமை. தலைமை ஓய்வுச் சான்றாளர் சண்முகலிங்கம் எழுந்து நின்று கைகொடுத்தார். மூன்று இடங்களையும் இவ்வளவு நுட்பமாக நிராகரித்த குடும்பத்தைத் தான் அண்மையில் கண்டதில்லை என்றார். முக்கியமாக அணில் விடயம். அதை வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச இருப்பதாகவும் சொன்னார். பிரதீபா அவர் பக்கத்தில் கணினியோடு இருந்தாள். நாலாவதாக ஒரு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது, இன்று பின்னேரமே போகலாம் என்று கேட்டபோது சீமோனுக்குக் கைகள் மேசைக்குக் கீழே தானாகக் கோர்த்துக்கொண்டன. அவர் வாரியத்தில் பிரதீபாவைத் தவிர எல்லோரையும் அழைப்பதுபோலவே இவரையும் சேர் என்று அழைத்து நன்றி சொன்னார்.

சண்முகலிங்கத்துக்குத் தமிழில் கதைக்கக் கிடைத்தது பிடித்திருந்தது. வாரியத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்.

"நான் இந்த வாரியம் தொடங்கின நாளில இருந்து இருக்கிறன். ஒரு இரவுகூட வெளியில படுத்ததில்லை. நுளம்புக் கடி எனக்குச் சரிவராது. அதாலதான் நான் பக்கம் சாயாமல் முடிவெடுக்கிறன். போன கோடையில முக்கால்வாசி இடம் சும்மா கிடந்தது. ஒரு குப்பை இல்லை. ஒரு சண்டை இல்லை. ஒரு முறைப்பாடு இல்லை. எங்களுக்கு விருதும் தந்தவை. நானும் ஒரு காலத்தில கஷ்டப்பட்டு வந்தவன்தான் சீமோன். அதால கஷ்டப்பட்ட ஆக்களைக் கண்டவுடன எனக்கு விளங்கியிடும். வெள்ளைக்காரரைப் பொய் சொல்லிப் பேக்காட்டலாம். என்னைப் பேக்காட்டேலாது. அப்பிடியானவையை நான் வாசலிலயே நிப்பாட்டியிடுவன்."

சீமோன் தலையாட்டினார். அவர் அப்போது நாலாவது இடத்தில் குழாய் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இனி ஒரு சின்ன விடயம்தான் பாக்கி என்றார் சண்முகலிங்கம். வீட்டுச் சான்று. ஓய்வு என்றால் என்ன என்று அவரே கேட்டு அவரே பதில் சொன்னார். வீட்டை விட்டு வெளிக்கிடுவது, பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போவது. திரும்பிப் போக வீடு இல்லாதவன் ஓய்வெடுப்பதில்லை, தங்கிவிடுகிறான். ஆகவே பிரதீபா இப்போதே கூடப் போய், அவர்கள் எந்த வீட்டை விட்டுப் போகிறார்கள் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள். அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. விலாசத்தைச் சொல்லச் சொன்னார்.

சீமோன் பேசவில்லை. பிரதீபா விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி இருந்தாள். சீமோனைப் பார்த்தாள், பிறகு தன் நகங்களைப் பார்த்தாள். கீழே பார்க்கிங் லொட்டில் வண்டி நின்றது. கரோலின் ஓட்டும் இருக்கையில் இருந்தாள், அங்கே எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று தெரியாததால் இறங்காமல் இருந்தாள். பின் ஜன்னலில் அன்ரனெற் மூக்கை அழுத்திக்கொண்டு இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் வெள்ளிக்கிழமை.

சண்முகலிங்கம் அந்த அமைதியைத் தவறாக விளங்கிக்கொண்டார். வீட்டைப் பற்றிக் கேட்டால் சிலருக்கு நெஞ்சு அடைத்துவிடும், தனக்கும் அப்படித்தான் என்றார். உதவி செய்ய விரும்பினார்.

"நான் சொல்லிக் காட்டுறன், நீங்கள் அது மாதிரிச் சொல்லுங்கோ. இங்க ரூஜ் பக்கம் எனக்கு வீடு. மேல நாலு அறை. பிள்ளையள் கல்கரிக்குப் போயிட்டினம். கீழ பேஸ்மென்ற் முழுக்கக் கட்டி முடிச்சிருக்கிறன். தனி வாசல், தனிக் குசினி, தனி பாத்றூம், எல்லாம் புதுசு. ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. நான் மேல இருந்து ரீவி பாக்கேக்க கீழ ஆரும் நடந்தா எனக்கு ஒத்துவராது. ஹீற்றர் மட்டும் போட்டு விடுறது, குழாய் உறையாமல் இருக்க. எங்கயாவது வெளியில போனா எனக்கு அந்த பேஸ்மென்ற்றின்ர நினைப்புத்தான். லைற்றை நிப்பாட்டினனோ, பின்கதவு பூட்டினனோ எண்டு. அதுதான் சீமோன் வீடு. இப்ப உங்கட வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ."

சீமோன் கோர்த்த கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரத்தினவேல் அண்ணை இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவர் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தார்.

"அண்ணை," என்றார், முதல்தடவையாக. "அந்த பேஸ்மென்ற்றின்ர விலாசத்தை மட்டும் நாங்கள் எழுதலாமோ? உள்ளுக்கு வரமாட்டம். வாசலில கால்கூட வைக்கமாட்டம். அங்கயிருந்துதான் வெளிக்கிட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லுறதுக்கு மட்டும்."